தாயகம் திரும்ப இயலாத அயர்லாந்தியர்

பசியால் விரட்டப்பட்டுக் கடல் கடந்த மக்களுள் அயர்லாந்தியர் குறிப்பிடத்தக்கவர். 1845-ஆம் ஆண்டில் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்றதால் மூண்ட பெரும்பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் நாட்டை நீங்கினர். அவர்களுள் பலருக்குப் புகலிடம் தந்தது அமெரிக்கா.

1924-ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிநுழைவுச் சட்டம் வடமேற்கு ஐரோப்பியருக்குச் சலுகை அளித்து, ஆசியருக்குக் கதவடைத்தது. 1965-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வநீதியைக் களைந்து, அங்கு வாழ்வோரின் நெருங்கிய உறவினருக்கு முதன்மை தந்தது. அயர்லாந்தியரின் உறவோ தலைமுறைகள் கடந்து தொலைவாகியிருந்தது. ஆகவே, 1980-களில் வேலையின்மை வாட்டியபோது, இளைஞர் பலர் சுற்றுலா விசாவில் சென்று, தவணை முடிந்தும் நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் தங்கினர். கட்டடத் தொழிலும் குழந்தை பராமரிப்பும் அவர்தம் பிழைப்பாயின.

1986-ஆம் ஆண்டுப் பொதுமன்னிப்பு பெரும்பாலும் 1982-க்கு முன் வந்தோரையே காத்தது. விடுபட்ட அயர்லாந்தியர் 1987-இல் இயக்கம் கண்டு போராடினர். 1990-ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றாண்டுகளில் 48,000 விசாக்களை அவர்களுக்கு ஒதுக்கியது.

பின்வந்தோர்க்கு விடிவில்லை. 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓராண்டும் அதற்கு மேலும் அனுமதியின்றித் தங்கியவர் வெளியேறினால், பத்தாண்டுகள் மீண்டும் நுழைய இயலாது. பெற்றோர் இறந்த செய்தி கேட்டும் இறுதிக்கடன் ஆற்றச் செல்ல முடியாது கலங்கியோர் பலர். 2013-இல் மேலவை நிறைவேற்றிய சீர்திருத்த மசோதா, கீழவையில் வாக்கெடுப்புக்கே வரவில்லை.

ஒரு தலைமுறையின் அநீதியைத் துடைத்த சட்டமே மறு தலைமுறைக்குச் சுவராகலாம். காலந்தோறும் திருத்தப்படும் சட்டமே நீதியைக் காக்கும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.