லினக்ஸும் கம்பியில்லா வலையும்

பழைய மடிக்கணினியில் லினக்ஸை நிறுவும் நேயர்கள் இன்றும் சில வேளைகளில் ஒரு தடையைச் சந்திக்கின்றனர். திரை ஒளிர்கிறது; விசைகள் இயங்குகின்றன; ஒலியும் எழுகிறது. வைஃபை மட்டும் ஊமையாக நிற்கிறது. டில்லியிலோ புனேயிலோ வாடகை அறையில் தங்கி, அந்த வைஃபை ஒன்றைக் கொண்டே ஊரிலுள்ள பெற்றோருடன் முகம் பார்த்துப் பேசும் தமிழருக்கு இது சிறிய இடர் அன்று. பிற கருவிகள் எல்லாம் இணங்க, இது மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது? விடையிற் பாதி பொறியியலிலும் மறு பாதி வரலாற்றிலும் கிடக்கிறது. அவ்வரலாற்றை அறிந்தவருக்குப் பழுது பார்க்கும் முறையும் எளிதில் விளங்கும் என்பது நம் கருத்து.

பின்லாந்தில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் லினக்ஸின் கருநிரலை வெளியிட்டார். கணினியில் உள்ள ஒவ்வொரு கருவியுடனும் பேசுதற்கு அக்கருநிரலுக்கு ஒரு துபாஷி தேவை. அத்துபாஷியையே டிரைவர் என்கிறோம். துபாஷி வேலைக்கு மொழி தெரிந்திருக்க வேண்டுமன்றோ? சில்லின் மொழியைக் கூறும் கையேடு அதனைச் செய்த கம்பெனியிடம் இருக்கும். கம்பெனி கொடுத்தால் டிரைவர் பிறக்கும்; கொடுக்காவிடில் இல்லை.

கம்பியில்லா வலைக்குரிய 802.11 என்னும் பொது நியமம் 1997இல் வெளியாயிற்று. தொடக்க கால அட்டைகள் சிலவற்றுக்கு லினக்ஸ் டிரைவர்கள் விரைவிலேயே அமைந்தன. 2003ஐ ஒட்டி வேகமான புதுச் சில்லுகள் சந்தைக்கு வந்தபோதுதான் கதவுகள் அடைபட்டன. அவற்றுள் மிகவும் பரவியவை அமெரிக்காவின் பிராட்காம் கம்பெனியின் சில்லுகள். ஆப்பிள் மடிக்கணினிகளிலும், வேறு பல கம்பெனிகளின் கணினிகளிலும் அவை இடம்பெற்றன. ஆனால் அவற்றின் கையேடு லினக்ஸ் ஆர்வலர்களுக்குக் கிட்டவில்லை.

இத்தகைய மறுப்புக்குக் கூறப்பட்ட காரணம் ஒன்றுண்டு. வானலைகளை அரசுகள் கட்டுப்படுத்துகின்றன. எந்த அலைவரிசையில், எவ்வளவு வலிமையில் ஒலிபரப்பலாம் என்பது சட்டம். டிரைவரைத் திறந்து வைத்தால் எவரும் அதனை மாற்றி வரம்பு மீறக்கூடும் என்பது அச்சம். இது வெறும் சாக்கு என்று நாம் தள்ளிவிட மாட்டோம். நம் நாட்டிலேயே 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இன்றி வீட்டிலும் வெளியிலும் பயன்படுத்த 2005 ஜனவரியில்தான் இசைவு கிடைத்தது. எனினும், அதே சட்டத்துக்கு உட்பட்ட இன்டெல் கம்பெனி என்ன செய்தது? 2003 மார்ச்சில் சென்ட்ரினோவை லினக்ஸ் டிரைவர் இன்றி வெளியிட்டு, குறைகூறலுக்கு ஆளாகி, 2004இல் திறந்த டிரைவர் ஒன்றைத் தானே முன்வந்து எழுதத் தொடங்கியது. சில்லினுள் ஏற்றப்படும் சிறு நிரலை, அதாவது ஃபர்ம்வேரை, மட்டும் மூடியே வைத்தது. வழி இருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

பிராட்காம் கதையில் ஒரு விந்தையும் உண்டு. அதன் சில்லைக் கொண்ட லிங்க்சிஸ் டபிள்யூ.ஆர்.டி. 54ஜி என்னும் ரவுட்டரின் உள்ளே ஓடியது லினக்ஸே! 2003இல் இது வெளிப்பட்டது. லினக்ஸின் உரிமப்படி மூலநிரலைத் தரவேண்டும் என்று பலர் வற்புறுத்தவே, கம்பெனி தந்தது. ஆனால் வைஃபை டிரைவர் மட்டும் எந்திர மொழியிலேயே நின்றுவிட்டது. சில்லுக்கு லினக்ஸ் தெரியும், பேசத்தான் விடவில்லை.

2003இலேயே என்.டி.ஐ.எஸ்.ராப்பர் என்னும் குறுக்குவழி ஒன்று தோன்றிற்று. விண்டோஸுக்கென எழுதப்பட்ட டிரைவரை லினக்ஸுக்குள் ஏமாற்றி ஓட்டுவது அது. பலருக்குக் கைகொடுத்தது உண்மை. ஆனால் இன்டெல் வகைச் செயலி இல்லாத பழைய ஆப்பிள் கணினிகளில் அதற்கு வேலையே இல்லை; பழுது நேர்ந்தால் உள்ளே பார்க்கவும் வழியில்லை.

ஆதலால் ஆர்வலர் சிலர் கடினமான வழியைத் தேர்ந்தனர். அவர்கள் இரு குழுவாகப் பிரிந்தனர். ஒரு குழு பிராட்காமின் எந்திரமொழி நிரலைப் பிரித்து ஆராய்ந்து, சில்லு எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சாதாரண ஆங்கில நடையில் விவரித்து எழுதியது. மற்றக் குழு அவ்விவரத்தை மட்டுமே படித்துப் புதிய டிரைவரை எழுதியது. முன்னவர் டிரைவர் எழுதமாட்டார். பின்னவர் மூலத்தைக் காணமாட்டார். நகலெடுத்தார்கள் என்ற வழக்குக்கு இடங்கொடாத ஏற்பாடு இது. பி.சி.எம். 43எக்ஸ்.எக்ஸ். என்ற பெயருடன் 2005 டிசம்பரில் அந்த டிரைவர் வெளிவந்தது. 2006 ஜூனில் 2.6.17 கருநிரலிலேயே சேர்ந்தது. 2008 ஜனவரியில் பி43 என்ற திருந்திய வடிவம் வந்தது. கையேடு இன்றி ஒரு வானொலிக் கருவியின் மொழியைப் பிறர் கற்றுத்தந்த இச்செயலை நாம் பெருஞ்சாதனை என்றே மதிக்கிறோம்.

ஆயினும் முடிச்சு ஒன்று எஞ்சியது. ஃபர்ம்வேர் பிராட்காமின் உடைமை. அதனைப் பிறர் வழங்க உரிமையில்லை. எனவே பயனாளரே பிராட்காமின் வேறொரு டிரைவரிலிருந்து அதனைத் தம் கையால் அறுத்தெடுக்க வேண்டியிருந்தது. அதற்கென ஒரு வெட்டும் கருவியே எழுதப்பட்டது! 2009இல் இத்தாலியின் பிரெசியாப் பல்கலைக்கழகத்தார் சில பழைய சில்லுகளுக்குத் திறந்த ஃபர்ம்வேரும் எழுதிக் காட்டினர். பிராட்காமோ 2008இல் பாதி மூடிய டிரைவர் ஒன்றைத் தந்து, 2010 செப்டம்பரில்தான் தன் புதிய சில்லுகளுக்குத் திறந்த டிரைவரை வெளியிட்டது.

இனி, பழுது பார்ப்போர் கேட்கும் கேள்விகளைப் பாருங்கள். முதற்கேள்வி, சில்லு எது என்பது. பெட்டியின் மீதுள்ள பெயர் இதற்கு உதவாது, எல்.எஸ்.பி.சி.ஐ. என்னும் கட்டளை காட்டும் எண்ணே சான்று. (இன்டெல்லின் எண் 8086, அதன் பழைய செயலியின் பெயரைத் தன் அடையாளமாகவே கொண்டுவிட்டது.) அடுத்து, ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை என்ற வரி கருநிரலின் குறிப்பேட்டில் உளதா என்று டி.மெசேஜ் கட்டளையால் பார்ப்பர். அந்த வரி இருப்பின், மேலே சொன்ன உரிமச் சிக்கலே அங்கு வேலை செய்கிறது. மூன்றாவது, பி43யும் பிராட்காமின் சொந்த டிரைவரும் ஒரே அட்டைக்குப் போட்டியிடுகின்றனவா என்பது. போட்டியிட்டால் ஒன்றை விலக்கியே ஆகவேண்டும். மடிக்கணினியின் பக்கத்தில் உள்ள சிறு பொத்தான் வானலையை அணைத்திருக்கிறதா என்பதையும் ஆர்.எஃப்.கில் கட்டளையால் காண்பது நலம். மணிக்கணக்கில் உழைத்தவர்கள் இறுதியில் அந்தப் பொத்தானைக் கண்டதுண்டு.

ஃபர்ம்வேரை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு வைஃபை வேண்டும். வைஃபைக்கு ஃபர்ம்வேர் வேண்டும். இச்சுழலை உணர்ந்த டெபியன் குழுவினர் 2022இல் வாக்கெடுத்து, 2023இல் வந்த 12ஆம் பதிப்பு முதல் மூடிய ஃபர்ம்வேர்களையும் நிறுவும் வட்டில் சேர்த்தனர். பழைய பிராட்காம் சில்லுகளுக்குரியது மட்டும் அதிலும் சேர வழியில்லை. அத்தகைய கணினியை உடையோர் கைபேசியை யூ.எஸ்.பி. கம்பியால் கணினியோடு பிணைத்து, அதன் இணைப்பைக் கடன்வாங்கி, பி43க்கு உரிய ஃபர்ம்வேரை இறக்கிக்கொள்ளலாம்.