நாம் சைக்கிள் ஓட்டிய ரோடு

கூட்டமைப்பு மலருக்கு நம்ம பகுதி வரலாறு பத்தி ஒரு கட்டுரை எழுதித் தாங்க அக்கா என்று தலைவி கேட்டார். வரலாறுன்னா சித்தன்னவாசல் இருக்கு, குடுமியான்மலை இருக்கு, நார்த்தாமலை இருக்கு. அதையெல்லாம் படிச்சவங்க எழுதி வச்சிருக்காங்க. எனக்கு நல்லாத் தெரிஞ்ச வரலாறு எங்க ஊர்ல இருந்து மெயின் ரோட்டு முக்கம் வரைக்கும் போற மூணு மைல் தார் ரோடுதான். அதுல நான் நடந்திருக்கேன், சைக்கிள் ஓட்டியிருக்கேன், இப்ப வண்டியில போறேன். மூணு விதமாகவும் திட்டு வாங்கியிருக்கேன், திட்டியும் இருக்கேன். அதனால ரோட்டைப் பத்தியே எழுதுறேன்.

நம்ம புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974 ஜனவரி 14. அதுக்கு முன்னாடி திருச்சி ஜில்லா, அதுக்கும் முன்னாடி 1948 வரைக்கும் மன்னர் சமஸ்தானம். டவுன்ல ராஜவீதிகளைப் பார்த்தாலே தெரியும், கோடு போட்ட மாதிரி நேராக, அகலமாக இருக்கும். கிராமத்து ரோடு அப்படி இல்லை. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப நடுவுல ஒரு பஸ் அகலத்துக்குத் தார், ரெண்டு பக்கமும் மண். தார்ல பஸ்ஸும் மாட்டு வண்டியும் போகும். மண்ணுல நாங்க போவோம். தலையில புல்லுக்கட்டு, இடுப்புல பிள்ளை, வெயில்ல தார் சுடும்னு செருப்பு இல்லாத காலு தானாகவே மண்ணுக்கு இறங்கிடும். ஒரு நாளைக்கு நாலு தடவை டவுன் பஸ் வரும். அதை விட்டுட்டா நடைதான்.

சைக்கிள் என்பது ஆம்பளை சாமான். அதுலயும் எல்லா ஆம்பளைக்கும் இல்லை. சில தெருவுக்குள்ள வந்தா இறங்கி உருட்டிக்கிட்டுத்தான் போகணும்னு சிலருக்குக் கட்டுப்பாடு இருந்துச்சு. யாருக்கு, எந்தத் தெருவுலன்னு நான் சொல்ல வேண்டியதில்லை, நம்ம வயசுக்காரங்க எல்லாருக்கும் தெரியும். ஆக, ரோட்டுல யார் ஏறிப் போகலாம், யார் இறங்கி நடக்கணும்கிற சண்டை மோட்டார் வண்டி வந்த பிறகு வந்ததில்லை. அதுக்கு வெகுகாலம் முந்தியே இருக்கு.

1990 பிப்ரவரியில் கேரளாவில் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிச்சாங்க. அதைத் தொடர்ந்து பல மாவட்டங்கள்ல இயக்கம் தொடங்குச்சு. நம்ம மாவட்டத்துல 1991ல் அறிவொளி இயக்கம் வந்தது. அப்ப கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அம்மா. ராத்திரி லாந்தர் விளக்குல பாடம் சொல்லித் தர தொண்டர்கள் வேணும். பெண்கள் படிக்க வரணும்னா பெண்களே சொல்லித் தந்தால்தான் ஆகும். ஆனா அந்தத் தொண்டர் பக்கத்து ஊருக்கு எப்படிப் போவா, எப்படித் திரும்புவா? இந்தக் கேள்விக்குத்தான் கலெக்டரம்மா சைக்கிளைப் பதிலா வச்சாங்க. எழுத்தோட சைக்கிளும் சேர்த்துக் கத்துக்கணும்னு இயக்கத்துலயே ஒரு பாடமா ஆக்கினாங்க. சைக்கிள் வாங்க பெண்களுக்குக் கடனும் ஏற்பாடு பண்ணாங்க. முத்துபாஸ்கரன் எழுதின சைக்கிள் பாட்டு அப்ப ஊர் ஊராக ஒலிச்சது. அந்தப் பாட்டைக் கேட்டா இன்னைக்கும் எனக்குக் காலு பரபரங்கும்.

நானும் ஒரு தொண்டர். வயசு இருபத்திரெண்டு, கையில ஒரு வயசுப் பையன். ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூட மைதானத்துல பழகுவோம். வாடகை சைக்கிள், மணிக்கு ஒரு ரூபா. லேடீஸ் சைக்கிள் கிடைக்காது, எல்லாம் பார் வச்ச ஜென்ட்ஸ் சைக்கிள்தான். முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு, பிள்ளைங்க மாதிரி பாருக்கு அடியில காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டவங்களும் உண்டு. முழங்கால் தேயாத பொம்பளை கிடையாது. பிறகு பார்த்தா அந்தப் பாரே சௌகரியமாப் போச்சு, பிள்ளையை அதுல உட்கார வச்சுக்கலாம். லேடீஸ் சைக்கிள் வந்த பிறகும் நான் பார் வச்சதைத்தான் வாங்கினேன்.

1992 மகளிர் தினத்துக்கு டவுன்ல சைக்கிள் பேரணி. ஹேண்டில்ல கொடி கட்டிக்கிட்டு, பெல் அடிச்சுக்கிட்டு 1,500 பெண்களுக்கு மேலே போனோம். அந்த ஒரு நாள் பஸ்ஸெல்லாம் ஓரமா நின்னுச்சு, நாங்க நடு ரோட்டுல போனோம். ஒண்ணரை வருஷத்துக்குள்ள மாவட்டத்துல ஒரு லட்சத்துக்கு மேலே கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டாங்கன்னு பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கார். பத்து வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை விட்டுட்டுக் கணக்குப் பார்த்தா நாலுல ஒருத்திக்கு மேல. அதுல 70,000 பேருக்கு மேல பொது இடத்துல நடந்த போட்டிகள்ல ஓட்டிக் காட்டினாங்க. இந்தக் கணக்கை நம்ம பேத்திகளுக்குச் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க.

இதுவரைக்கும் எல்லாரும் எழுதுறதுதான். மறுநாள் என்ன ஆச்சுன்னு யாரும் எழுதுறதில்லை. மறுநாள் பஸ் ஓரமா நிக்கலை. பின்னாடி வந்து காதுக்குள்ள ஹாரனை அடிப்பாங்க. தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் ஒரு சாண் பள்ளம் இருக்கும். பாருல பிள்ளை, கேரியர்ல தானிய மூட்டையோட அந்தப் பள்ளத்துல இறங்குறது எப்படின்னு எந்த முகாம்லயும் சொல்லித் தரலை. இறங்கலைன்னா, "வீட்டுல அடுப்பு இல்லையா"ன்னு ஒரு சத்தம். கடைத்தெருவுல நின்னு பேசினவங்க பேச்சை இந்த மலர்ல போட முடியாது. ஆனா ஒரு விஷயம், விளைஞ்ச காயை, கொத்தமல்லியை பஸ்ஸுக்குக் காத்துக்கிடக்காம நாலு ஊருக்குக் கொண்டுபோய் வித்துட்டு, பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வர்றதுக்குள்ள வீட்டுக்கு வந்துடலாம். அந்த ரெண்டு மணி நேரத்துக்காக எந்தப் பேச்சையும் கேட்டுக்கிட்டோம்.

நான் சொல்ல வெட்கப்படுறது வேற. சைக்கிள் ஏறின ரெண்டாவது வருஷமே நாங்களும் பெல் அடிக்க ஆரம்பிச்சுட்டோம். ரோட்டுல பஸ் விடாதுன்னு கண்மாய்க்கரைப் பாதையில போவோம். அது ஒத்தையடிப் பாதை, காலங்காலமா தண்ணிக் குடத்தோட நடக்கிறவங்க பாதை. 1993ல் ஒரு சாயங்காலம் எங்க அயித்த முறையில ஒரு பெரியம்மா, தலையில ஒண்ணு இடுப்புல ஒண்ணுன்னு ரெண்டு குடத்தோட எதிரே வந்தாங்க. நான் பெல் அடிச்சேன். அவங்க ஒதுங்க இடமில்லை, ஒரு பக்கம் கண்மாய், ஒரு பக்கம் முள்ளு. நான் பிரேக் பிடிச்சேன், பிரேக் கட்டை தேஞ்சு போயிருந்துச்சு. குடம் ரெண்டும் உருண்டு போச்சு, அவங்க கையில முள்ளு கிழிச்சுருச்சு. தூக்கி விட்டப்ப அவங்க சொன்னது: "ஏத்தா, பஸ்ஸுக்காரன் ஒன்னைய வெரட்டுறான், நீ என்னைய வெரட்டுற. நான் யாரை வெரட்டட்டும்?" மறு வாரமே ஊர்ல கூட்டம் போட்டு, கரையில சைக்கிள் ஓட்டக் கூடாது, உருட்டிக்கிட்டுத்தான் போகணும்னு சொன்னாங்க. அப்ப எனக்குக் கோபம், பொம்பளை சைக்கிளை நிறுத்தச் சதின்னு நினைச்சேன். பாதி சதிதான். மீதிப் பாதி அந்தப் பெரியம்மா சொன்ன நியாயம்.

சைக்கிளுக்கு எங்க மேல மட்டும்தான் கோபம்னு இல்லை. டவுன்ல சைக்கிளுக்கு வரி கட்டிப் பில்லை வாங்கி மாட்டின காலம் உண்டு. ராத்திரி லைட் இல்லாம போனாலும் டபுள்ஸ் போனாலும் போலீஸ் பிடிச்சு டயர்ல காத்தைப் பிடுங்கி விடுவாங்க. நடந்து போறவங்களுக்குச் சட்டத்துல இடமே இல்லையான்னா, இருக்கு. 1989 சாலை விதிகள்லயே நடைபாதையும் சைக்கிள் பாதையும் உள்ள இடத்துல மோட்டார் வண்டி அதுல ஏறக் கூடாதுன்னு போட்டிருக்கு. பாதை இருந்தால்தானே ஏறாம இருக்க! நம்ம ரோட்டுல பாதையே கிடையாது.

பிறகு காலம் வேகமாப் போச்சு. 2001ல் பிளஸ் ஒன் படிக்கிற ஆதிதிராவிடர், பழங்குடியினர் பெண் பிள்ளைகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுத்துச்சு, அப்புறம் எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்துச்சு. நாங்க பட்ட பாடு அந்தப் பிள்ளைகளுக்கு இல்லை. 2018ல் வேலைக்குப் போற பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க பாதி மானியம், 25,000 ரூபாய் வரைக்கும். 2021 மே மாசத்துல இருந்து டவுன் பஸ்ல நமக்கு டிக்கெட் இல்லை.

இந்த மாற்றம் முழுக்க எங்க குழுவோட தீர்மான நோட்டுல இருக்கு. 1999ல் குழு ஆரம்பிச்சப்ப முதல் உள்கடனே சைக்கிளுக்குத்தான், 1,200 ரூபாய். முதல் ரெண்டு நோட்டைப் புரட்டினா ஆடு, சைக்கிள், ஆடு, சைக்கிள்னு போகும். அப்புறம் டிவிஎஸ் 50 வரும். 2012க்குப் பிறகு சைக்கிள் என்ற வார்த்தையே நோட்டுல இல்லை. ஸ்கூட்டி, மகனுக்கு பைக், மருமகனுக்கு லோடு ஆட்டோ. எல்லாத்துலயும் ஊக்குநர் என்கிற முறையில என் கையெழுத்து.

அப்படி நான் கையெழுத்துப் போட்ட ஒரு பைக்தான் எங்க குழுவையே ரெண்டாக்குச்சு. பெயர் சொல்லலை, ரெண்டு பேருமே நம்ம உறுப்பினர்கள். நூறு நாள் வேலைக்கு விடியக் காலையில வரிசையாக நடந்து போறவங்கள்ல கடைசியா போன ஒரு சகோதரியை, இன்னொரு சகோதரியோட மகன் பின்னாடி இருந்து வந்து இடிச்சுட்டான். பையனுக்குப் பதினேழு வயசு. லைசென்ஸ் கிடையாது, இன்சூரன்ஸ் கட்டிப் பல மாசம் ஆச்சு. அந்த அக்காவுக்குத் தொடை எலும்பு முறிஞ்சு பிளேட் வச்சாங்க. இன்னைக்கும் கம்பு ஊன்றித்தான் நடக்காங்க.

கூட்டத்துல ஒரு பக்கம், "தார் மேல ஏன் நடந்தீங்க, மண்ணுல போக வேண்டியதுதானே." இன்னொரு பக்கம், "மண்ணு எங்கே இருக்கு? ரோட்டை அகலப்படுத்துறேன்னு தாரை வாய்க்கால் வரைக்கும் கொண்டுபோயாச்சு." ரெண்டாவது பக்கம் சொன்னதுதான் உண்மை. நாங்க இறங்கி நின்ன மண்ணு இப்ப இல்லை. இறங்கினா முள்ளும் வாய்க்காலும்தான். கண்மாய்க்கரை எனக்கு அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. அன்னைக்கு அந்தப் பெரியம்மா நின்ன இடத்துலதான் இப்ப ரோட்டுல நடக்கிற எல்லாரும் நிக்காங்க.

பையனோட அம்மா அழுதுச்சு. 2019 சட்டத்திருத்தப்படி பதினெட்டு வயசு ஆகாத பிள்ளை வண்டி ஓட்டினா பெத்தவங்களுக்கும் வண்டிக்காரங்களுக்கும் 25,000 அபராதம், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில்னு யாரோ படிச்சுச் சொல்லிட்டாங்க. வண்டி யாரு கடன்ல வந்துச்சுன்னு ஒருத்தி என்னைப் பார்த்துக் கேட்டா. பதில் சொல்ல முடியலை. பையன் வயசை நாங்க யாரும் கேட்கவே இல்லை. ஆறு மாசத்துத் தவணை ஒழுங்கா வருமான்னுதான் கேட்டோம்.

கேசு நடந்துச்சு. ஆஸ்பத்திரிச் செலவைப் பையன் வீட்டுல ரெண்டு தவணையாக் கொடுத்தாங்க, மீதிக்குக் குழுவுல இருந்து வட்டியில்லாக் கடன். அந்த ரெண்டு சகோதரிகளும் இன்னைக்கு வரைக்கும் பேசிக்கிறதில்லை, ஆனா ரெண்டு பேரும் கூட்டத்துக்கு வர்றாங்க, பாயோட ரெண்டு ஓரத்துல உட்காருறாங்க. அதுவே பெரிசுன்னு நான் நினைக்கிறேன். சேர்த்து வைக்கப் போய் ரெண்டு தடவை நான் மூக்கு உடைபட்டேன்.

தீர்மானம் மூணு போட்டோம். வண்டிக் கடன் கேட்டா லைசென்ஸ் நகலும் இன்சூரன்ஸ் நகலும் இணைக்கணும். இன்சூரன்ஸ் தேதியை ஊக்குநர் நோட்டுல எழுதி, முடியறதுக்கு ஒரு மாசம் முன்னாடி ஞாபகப்படுத்தணும். மூணாவது, பஞ்சாயத்தில் கிராம சபையில கொடுக்கிறதுக்கு ஒரு மனு: ஊர் எல்லையில இருந்து முக்கம் வரைக்கும் ஒரு பக்கமாவது நாலு அடி நடைபாதை. முதல் ரெண்டுக்கும் எதிர்ப்பு வந்துச்சு, இதனால ரெண்டு பேர் குழுவை விட்டுப் போயிட்டாங்க. வேற குழுக்களும் இதைப் போடலாமான்னு கூட்டமைப்பில் பேசினோம், பாதிக் குழுக்கள் ஒத்துக்கலை. கடன் போகாம பணம் பெட்டியில கிடந்தா என்ன பண்றதுன்னு கேட்கிறாங்க, அதுவும் கேட்க வேண்டிய கேள்விதான்.

விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு வந்த போலீஸ் அதிகாரி, நடைபாதை இல்லாத ரோட்டுல வலது பக்கமா நடங்க, எதிர்ல வர்ற வண்டி கண்ணுக்குத் தெரியும்னு சொன்னார். இத்தனை வருஷமா இடது பக்கமாவே நடந்து பழகின நமக்கு அது லேசுல வரலை. இப்ப காலையில நூறு நாள் வேலைக்குப் போறவங்க வலது பக்கம் வரிசையா போறாங்க, முன்னாடி ஒருத்தி, பின்னாடி ஒருத்தி கையில வெள்ளைத் துணி.

மனுவுக்கு மூணு கிராம சபை ஆச்சு. போன தை மாசம் பள்ளிக்கூடத்துல இருந்து மாரியம்மன் கோயில் வரைக்கும் சிமெண்ட் கல் பதிச்சாங்க, நாலு அடி கேட்டோம், மூணு அடி வந்துச்சு. அதுல முதல் வாரமே ரெண்டு பைக்கு நிப்பாட்டியிருந்துச்சு. ஒண்ணு எங்க வீட்டுக்காரரோடது. சாவியை வாங்கி நானே நகர்த்தி வச்சேன். கோயிலுக்கு அந்தப் பக்கம், வாய்க்கால் பாலம் வரைக்கும் இன்னும் போடலை. அடுத்த கிராம சபைக்கு மனு எழுதி வச்சிருக்கோம், கையெழுத்துப் போடாதவங்க வந்து போட்டுட்டுப் போங்க.