உயிர்மருத்துவப் பொறியியற் கல்வி

உடற்கூறு, உடலியங்கியல் முதலிய வைத்திய சாஸ்திரங்களையும், மின்னணுவியல், உலோகவியல் முதலிய பொறியியற் சாஸ்திரங்களையும் ஒருங்கே பயிற்றி, நோயறியும் கருவிகளையும் பழுதுற்ற அவயவங்களுக்கு ஈடான சாதனங்களையும் ஆக்கவும் பேணவும் வல்லவரை உருவாக்கும் பட்டப்படிப்பு.

கேரளத்தில் கொச்சிக்கு அணித்தே திருக்காக்கரையில், 1989இல் நிறுவப்பெற்ற அரசு மாடல் பொறியியற் கல்லூரி இத்துறையில் இளநிலைப் படிப்பை நடத்திவருகிறது.

வைத்தியம், பொறியியல் ஆகிய இவ்விரு சாஸ்திரங்களின் சேர்க்கைக்குச் சிறந்த சான்று, 1980ஆம் ஆண்டுப் பாராளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் ஸ்தாபனத்தில் உருவான செயற்கை இருதய வால்வாகும். இருதய அறுவை வைத்தியர் எம். எஸ். வலியத்தானின் தலைமையில் வைத்தியரும் பொறியியலாளரும் கூடி முயன்று, முந்திய 3 மாதிரிகள் தவறிய பின்னரும் தளராது சமைத்த இதில், கோபால்ட்-குரோமியக் கலப்புலோகக் கூண்டினுள் பாலிஎதிலீன் வட்டொன்று ஒவ்வொரு துடிப்புக்கும் சாய்ந்து திறந்து மூடுகிறது. இவ்வியக்கம் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய மூன்றரைக் கோடி முறை நிகழ வேண்டுமாதலின், உலோகத்தின் தேய்மானத்தை அறிந்தவரும் உதிரத்தின் இயல்பை அறிந்தவரும் ஒருவரையொருவர் நாடியது அவசியமாயிற்று. மனித இருதயத்தில் இது முதன்முதலாக 1990 டிசம்பரில் பொருத்தப்பெற்றது.

சென்னை ஐ.ஐ.டி., வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, மேற்கூறிய திருவனந்தபுரம் ஸ்தாபனம் ஆகிய மூன்றும் கூட்டாக நடத்தும் மருத்துவமனைப் பொறியியல் முதுநிலைப் படிப்பில், பொறியியற் பட்டதாரிகள் நோயாளர் கூடங்களிலும் அறுவை அரங்குகளிலும் நேரிற் பயிற்சி பெறுகின்றனர்.