ஒன்றரை ஐந்தரை ஆன கதை



ஒரு கணக்கைக் கேளுங்கள். "ஒரு கிலோ மாவின் விலை 4 வெள்ளி. 11/2 கிலோ மாவின் விலை என்ன?" எனக்குத் தெரிந்த சிறுமி ஒருத்தி 22 வெள்ளி என்று எழுதினாள். வாத்தியார் சிவப்பு மையால் சுழித்துவிட்டார். விடை 6 வெள்ளியாம்! அவள் அப்பா தாளை என்னிடம் நீட்டி, "ஏங்க, இவ எங்கே தப்புப் பண்ணுனா?" என்று கேட்டார்.

பிள்ளை தப்பே பண்ணவில்லை. பதினொன்றை இரண்டால் வகுத்தால் ஐந்தரை. ஐந்தரை கிலோவுக்கு 22 வெள்ளிதானே? கேள்வித்தாள் தயாரித்தவர் ஒன்றரையை மனத்தில் வைத்துக்கொண்டு, 1ஐயும் 1/2ஐயும் இடைவெளி விடாமல் தட்டிவிட்டார்.

இந்த வில்லங்கம் இன்று நேற்று வந்ததல்ல. 7ஆம் நூற்றாண்டில் பிரம்மகுப்தர் காலத்தில் இந்தியக் கணித அறிஞர்கள் பின்னத்தை மேலும் கீழுமாக எழுதினார்கள். நடுவே கோடு கிடையாது. கோட்டை இட்டவர்களுள் முன்னோடி, 12ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த அல் ஹஸ்ஸார். இத்தாலியரான பிபொனாச்சி 1202இல் தம் நூலில் அதை எடுத்தாண்டார்.

கையால் எழுதும்வரை தொல்லை இல்லை. ஈய எழுத்து வந்தபின்தான் சங்கடம். ஒரு வரி உயரத்துக்குள் இரண்டு குட்டி எண்களையும் ஒரு கோட்டையும் அடுக்குவதென்றால் அச்சுக் கோப்பவருக்குக் கண் பூத்துப் போகும்! அடிக்கடி வரும் ½, ¼, ¾ ஆகியவற்றை மட்டும் ஒரே துண்டாக வார்த்து வைத்துக்கொண்டார்கள். மற்றவற்றுக்கு என்ன செய்வது? 1845இல் இங்கிலாந்தின் டி மார்கன், வரிக்குள் வரும் பின்னத்துக்குச் சாய்கோடு போடலாம் என்றார். நல்ல யோசனைதான். ஆனால் எண்கள் எல்லாம் ஒரே அளவில் ஒரே வரிசையில் நிற்பதால், முழு எண் எது, பின்னம் எது என்ற குழப்பமும் கூடவே வந்துவிட்டது.

நம் முன்னோர் இந்தக் குழப்பத்தில் சிக்கவில்லை. திண்ணைப் பள்ளி எண்சுவடியில் கால், அரை, முக்கால் மட்டுமா? அரைக்கால் என்றால் 1/8, மாகாணி 1/16, காணி 1/80, முந்திரி 1/320. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், தனி ஒரு குறி. கோடும் வேண்டாம், அடுக்கும் வேண்டாம். அந்தக் குறிகள் வழக்கொழிந்து, 2019இல்தான் கணினியின் யூனிகோட் பட்டியலில் இடம்பெற்றன. ரொம்பத் தாமதம், போங்கள்!

1985இல் பேஜ்மேக்கர் வந்ததிலிருந்து அச்சுக் கோக்கும் வேலை மேசைக்கே வந்துவிட்டது. இப்போது வீட்டில் கணினி வைத்திருக்கும் பிள்ளைகள் கவனியுங்கள். வேர்டு செயலியில் 1 தட்டி, ஓர் இடைவெளி விட்டு, 1/2 தட்டி, மறுபடி இடைவெளி விடுங்கள். வழக்கமான அமைப்பில் அதுவே ½ ஆக மாறிவிடும். பிறகு நடு இடைவெளியை நீக்கினால் அழகாக 1½ நிற்கும். இடைவெளி விடாமல் 11/2 என்று தட்டினால் மாறவே மாறாது. அந்தக் கேள்வித்தாளில் நடந்தது இதுதான். 3/8 போன்றவற்றுக்குப் பக்க வடிவமைப்புச் செயலிகளில் பின்னம் என்றே ஒரு வசதி உண்டு, எழுத்துரு அதற்கு இடம் கொடுத்தால். ஆனால் பின்னத்தை மட்டும் தேர்ந்தெடுத்து அதைப் போடுங்கள். பக்கம் முழுவதற்கும் போட்டால் தேதியும் விலையும்கூடச் சுருங்கிக் குட்டி எண்ணாகிவிடும்!

அந்தச் சிறுமியின் அப்பா தாளை எடுத்துக்கொண்டு மறுநாளே வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியாரும் நல்ல மனிதர். பார்த்ததும் சிரித்துவிட்டு மதிப்பெண்ணைப் போட்டுக் கொடுத்தார். அடுத்த தேர்வுத் தாளில் "ஒன்றரை கிலோ" என்று எழுத்திலேயே அச்சாகியிருந்தது.