அறுபது கோல்களும் 1925-இன் ஆஃப்சைடு விதியும்: டிக்ஸி டீனின் ஆட்டக்காலம் குறித்து ஒரு மறுபார்வை

வில்லியம் ரால்ஃப் டீன் 1907 ஜனவரி 22 அன்று பர்க்கன்ஹெட்டில் பிறந்தார். லிவர்பூலுக்கு எதிர்க்கரையில், மெர்சி ஆற்றின் மேற்குப் பக்கம் உள்ள துறைமுக ஊர் அது. 'டிக்ஸி' என்ற பட்டப்பெயர் அவருக்குப் பிடித்ததில்லை. பில் என்று அழைப்பதையே விரும்பினார். ஊர் கேட்கவில்லை. 1927–28 பருவத்தில் எவர்ட்டன் அணிக்காக 39 லீக் ஆட்டங்களில் 60 கோல் அடித்தார். இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் அந்த எண்ணிக்கையை அவருக்கு முன்னும் பின்னும் எவரும் எட்டியதில்லை. அது எப்படி நேர்ந்தது என்ற கேள்விக்குக் கால்பந்து வரலாற்று நூல்களில் ஒரே விடை வழிவழியாக வருகிறது: 1925-இல் ஆஃப்சைடு விதி தளர்த்தப்பட்டது, தடுப்பாளர்கள் தடுமாறினார்கள், அந்தத் தடுமாற்றத்தின் அறுவடையே அறுபது. இந்த விடையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதற்குக் கொடுக்கப்பட்டுள்ள எடை அதிகம்.

விதி மாற்ற விளக்கத்தை முதலில் அதன் முழு வலுவோடு எடுத்துவைப்பதே முறை. 1925 கோடை வரை, பந்து முன்னால் தரப்படும் நொடியில் தாக்கும் வீரருக்கும் எதிரணியின் கோல் கோட்டுக்கும் இடையில் குறைந்தது மூன்று எதிரணியினர் இருக்க வேண்டும். கோல்கீப்பரைக் கழித்தால் இருவர். தடுப்பாளர் இருவரில் ஒருவர் முன்னேறி நின்றாலே தாக்குபவர் ஆஃப்சைடில் சிக்குவார். இன்னொருவர் பின்னால் காவலுக்கு இருப்பார். நியூகாசிலின் பில் மெக்கிராக்கன் இந்தப் பொறியை ஒரு கலையாகவே வளர்த்திருந்தார். ஆட்டங்கள் நடுக்களத்தில் ஒடுங்கி, விசிலுக்கும் ஃப்ரீகிக்குக்கும் இடையே முடங்கின. ஸ்காட்லாந்து கால்பந்துச் சங்கம் கொண்டுவந்த திருத்தம் மூன்றை இரண்டாக்கியது. முதல் டிவிஷனில் 1924–25 பருவத்தின் 462 ஆட்டங்களில் 1,192 கோல்கள் விழுந்தன. அடுத்த பருவத்தில் அதே 462 ஆட்டங்களில் 1,703. ஆட்டத்துக்கு 2.58 ஆக இருந்தது 3.69 ஆனது. பிளாக்பர்னின் டெட் ஹார்ப்பர் அந்தப் பருவத்திலேயே 43 கோல்களுடன் புதிய டிவிஷன் சாதனை படைத்தார். மறு ஆண்டு மிடில்ஸ்பரோவின் ஜார்ஜ் கேம்செல் இரண்டாம் டிவிஷனில் 59. அதற்கடுத்த ஆண்டு டீனின் 60. 43, 59, 60 என்று அடுக்கிப் பார்ப்பவருக்கு விதியே கோல் அடித்ததுபோலத் தோன்றுவதில் வியப்பில்லை.

இந்த அடுக்கின் முதல் குறை, அது 1925-க்கு முன்பிருந்த டீனைக் கணக்கில் எடுப்பதில்லை. 1924–25 பருவத்தில், பழைய விதியின் கீழ், டிரான்மியர் ரோவர்ஸ் அணிக்காக மூன்றாம் டிவிஷன் வடக்குப் பிரிவில் அவர் 27 லீக் ஆட்டங்களில் 27 கோல் அடித்தார். வயது 17, பிறகு 18. அணியோ பட்டியலின் அடியில் கிடந்த அணி. மார்ச் 1925-இல் எவர்ட்டன் 3,000 பவுண்டு கொடுத்து அவரை வாங்கியது. விதி மாறும் என்று அப்போது எவர்ட்டனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

எதிர்த்தரப்பிடம் ஒரு வலுவான சான்று இருப்பதையும் மறைக்கக் கூடாது. எவர்ட்டனுக்கு வந்த பிறகு, அதே பருவத்தின் எஞ்சிய வாரங்களில், முதல் டிவிஷனில் பழைய விதியின் கீழ் டீன் ஏழு ஆட்டங்கள் ஆடினார், கோல் இரண்டே. விதி மாறிய மறு பருவத்தில் 38 ஆட்டங்களில் 32. மூன்றாம் டிவிஷன் தடுப்பாளர்களை வைத்து எதையும் நிறுவ முடியாது, முதல் டிவிஷன் கணக்குதான் கணக்கு என்று ஒருவர் வாதிட்டால், அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஏழு ஆட்டம் என்பது மிகச் சிறிய மாதிரி. பதினெட்டு வயதுப் பையன் இரண்டு டிவிஷன் தாண்டி, பருவத்தின் கடைசி வாரங்களில் ஒரு புது அணிக்குள் இறக்கிவிடப்பட்ட ஏழு ஆட்டங்கள் அவை. அவற்றின் மேல் ஒரு கோட்பாட்டைக் கட்டுவது கடினம்.

இரண்டாம் குறை இன்னும் எளியது. புதிய விதி எல்லா அணிக்கும் ஒன்றே. முதல் டிவிஷனில் 22 அணிகளுக்கும் ஒரு மைய முன்கள வீரர் இருந்தார். எல்லாருக்கும் திறந்த வாசலில் ஒருவர் மட்டும் அறுபது வரை போனார் என்றால், வாசலைப் பற்றிப் பேசுவதோடு நடந்தவரைப் பற்றியும் பேச வேண்டும். எவர்ட்டன் அந்தப் பருவத்தில் அடித்த மொத்தக் கோல்கள் 102. டீனின் பங்கு அதில் ஏறக்குறைய 59 விழுக்காடு. கேம்செல் 59 அடித்தபோது மிடில்ஸ்பரோவின் மொத்தம் 122; அவர் பங்கு 48 விழுக்காடு. 1930–31-இல் ஆஸ்டன் வில்லாவின் 'பாங்கோ' வேரிங் 49 அடித்தபோது அணியின் மொத்தம் 128. பங்கு 38 விழுக்காடு. கோல்கள் பெருகிய காலம் என்பதே காரணமாயின், எவர்ட்டனின் மற்ற வீரர்கள் கணக்கிலும் அந்தப் பெருக்கம் ஓரளவு தெரிய வேண்டும். மற்ற எல்லாருக்கும் சேர்த்து, எதிரணியினர் தம் வலைக்குள் போட்டதையும் கூட்டி, எஞ்சுவது 42 மட்டுமே. கேம்செலுக்கு ஒரு நியாயம் செய்துவிடலாம்: அவர் 37 ஆட்டங்களில் 59 அடித்தார், ஆட்டத்துக்குச் சராசரி டீனுடையதைவிடச் சற்றுக் கூடுதல். டிவிஷன் வேறு என்பதால் அவர் பெயர் இரண்டாம் வரிக்குப் போய்விட்டது.

விதி மாற்ற விளக்கத்தை நேரடியாகச் சோதிக்க வாய்ப்பளிப்பது ஒரே ஓர் ஆட்டம்: 1928 மே 5, குடிசன் பார்க், எவர்ட்டன்–அர்செனல். பட்டம் அதற்குள் எவர்ட்டனுக்கு உறுதியாகிவிட்டிருந்தது. கேம்செலை முந்த டீனுக்குக் கடைசி மூன்று ஆட்டங்களில் ஒன்பது கோல் தேவைப்பட்டது. ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக இரண்டு, பர்ன்லியின் திடலில் நான்கு. மிச்சம் மூன்று. எதிரே நின்றது மேலாளர் ஹெர்பர்ட் சாப்மனின் அர்செனல். அதன் தலைவர் சார்லி புக்கனுக்கு அதுவே கடைசி ஆட்டம். ஆஃப்சைடு விதி மாறிய சில வாரங்களில், 1925 அக்டோபர் 3 அன்று நியூகாசிலிடம் 7–0 என்று தோற்றபின், சென்டர் ஹாஃபைப் பின்னுக்கு இழுத்து மூன்றாவது தடுப்பாளராக நிறுத்தச் சாப்மனும் புக்கனும் முடிவெடுத்திருந்தார்கள். ஆகவே புதிய விதிக்கு மாற்று மருந்து கண்டுபிடித்த அணியே அன்று எதிரணி.

அர்செனல் முதலில் கோல் போட்டது. சில நிமிடங்களில் டீன் சமன் செய்தார். இரண்டாவது கோல் பெனால்டி. அறுபதாவதுக்கு நெடுநேரம் காக்க வேண்டியிருந்தது. ஆட்டம் முடியப் பத்து நிமிடத்துக்கும் குறைவாக இருக்கையில் இடது விங்கர் அலெக் ட்ரூப் கார்னர் கிக்கைத் தூக்கிப் போட்டார். கோல் முகத்தில் மொய்த்து நின்ற கூட்டத்துக்கு மேலெழுந்து டீன் தலையால் முட்டினார். நேரம் எட்டு நிமிடம் மிச்சம் என்று சொல்வோரும் ஐந்து என்று சொல்வோரும் உண்டு. இதைத் தீர்க்க வழியில்லை, தீர்ந்தாலும் வாதத்துக்குப் பயன் இல்லை. கடைசியில் அர்செனல் ஒன்று போட, ஆட்டம் 3–3. (எவர்ட்டனின் மூன்று கோல்களும் டீனுடையவை; அர்செனலின் மூன்றில் ஒன்று எவர்ட்டனின் ஓ'டானல் தன் வலைக்குள் போட்ட சொந்தக் கோல்.)

இங்கே கவனிக்க வேண்டியது கோல்கள் விழுந்த வகை. கார்னர் கிக்கிலிருந்து நேராகப் பந்தைப் பெறுபவருக்கு ஆஃப்சைடு கிடையாது. 1925-க்கு வெகு முன்பிருந்தே கிடையாது. பெனால்டி அடிப்பவருக்கு அந்த விதியோடு தொடர்பே இல்லை. அதாவது சாதனையை நிறுவிய மூன்று கோல்களில் குறைந்தது இரண்டு, பழைய விதியின் கீழும் அப்படியே செல்லுபடியாகியிருக்கும். மூன்று கோலை வைத்து அறுபதை விளக்க முடியாது என்ற மறுப்பு சரியானதே. ஆயினும் விதியின் விளைவு என்று ஆண்டாண்டாகச் சொல்லப்பட்டுவரும் சாதனையின் உச்சக் கோலே விதிக்கு வெளியே நிற்கிறது என்பது சாதாரணச் செய்தியன்று.

அந்த உச்சக் கோலில் தெரிவது வேறொரு காரணம்: ட்ரூப்–டீன் கூட்டு. ட்ரூப் ஸ்காட்லாந்தின் ஃபோர்ஃபார் ஊர்க்காரர், குள்ளமானவர். டீன் தன் கோல்களில் அவருக்குள்ள பங்கை வாய்விட்டுச் சொல்லிவந்தவர். டீனும் நெடியவரல்லர், ஐந்தடி பத்து அங்குலம். உயரத்தைவிட, எழும் நேரத்தைக் கணிப்பதிலும் கழுத்தின் வலுவிலும் இருந்தது அவர் திறமை. நனைந்தால் கனத்துப்போகும், வாரால் முடிச்சிட்ட தோல் பந்தை முட்டிய காலம் அது. விதி மாற்ற விளக்கத்துக்கு இந்த இடத்தில் ஒரு பகுதி உண்மையை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்: ஆஃப்சைடு தளர்ந்ததால்தான் விங்கர்கள் ஓரக்கோட்டை ஒட்டிக் கடைசி வரை ஓடி, பந்தைக் குறுக்கே தூக்கிப் போட முடிந்தது. விதி டீனுக்கு உதவியது என்றால், பெரும்பாலும் ட்ரூப் வழியாக உதவியது.

தலையடியைப் பற்றி உலவும் இன்னொரு கதையையும் இங்கேயே ஒதுக்கிவிடலாம். 1926 ஜூனில் வேல்ஸின் ஹோலிவெல் அருகே மோட்டார் சைக்கிள் விபத்தில் டீனின் மண்டையோடும் தாடையும் முறிந்தன. இனி ஆட முடியாது என்று அஞ்சினார்கள். அக்டோபரில் திரும்பி வந்து, எஞ்சிய பருவத்தில் 27 ஆட்டங்களில் 21 கோல் அடித்தார். மண்டைக்குள் வைத்த உலோகத் தகடே அந்த முட்டுக்கு வலுவூட்டியது என்று ரசிகர்கள் பேசிக்கொண்டார்கள். விபத்துக்கு முந்தைய பருவத்தின் 32 கோல்கள் இதற்குப் போதுமான பதில்.

1928-க்குப் பின் நடந்தவை விதி மாற்ற விளக்கத்துக்கு மேலும் இடைஞ்சல் தருகின்றன. மூன்றாம் தடுப்பாளர் முறை மெல்ல எல்லா அணிகளுக்கும் பரவியது. மைய முன்கள வீரரை மறிப்பதையே வேலையாகக் கொண்ட ஒருவர் எங்கும் வந்து நின்றார். விதி கொடுத்தது இப்படித் திரும்பப் பறிக்கப்பட்டபின் டீன் சரிந்திருக்க வேண்டும். 1928–29-இல் 26, 1929–30-இல் 23 என்று எண்ணிக்கை இறங்கியதும், 1930-இல் எவர்ட்டன் கடைசி இடத்தில் முடிந்து இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியதும் அப்படித்தான் வாசிக்கப்படுகின்றன. காயங்கள் அவரை வெளியே வைத்த ஆட்டங்களை அந்த வாசிப்பு மறந்துவிடுகிறது. 1930–31-இல் 39 கோல். எவர்ட்டன் இரண்டாம் டிவிஷன் பட்டம் வென்று திரும்பியது. 1931–32-இல் முதல் டிவிஷன் பட்டம், டீன் 45. சில பட்டியல்கள் இதை 44 என்கின்றன. எவர்ட்டனுக்கு அவர் அடித்த லீக் கோல்கள் 349 என்ற மொத்தம் 45-ஐ வைத்தால்தான் கூடுகிறது. எதுவாயினும், மூன்றாம் தடுப்பாளர் வேரூன்றிய பிறகு வந்த எண் இது. 1933-இல் டீன் தலைமையில் எவர்ட்டன் மான்செஸ்டர் சிட்டியை 3–0 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையைப் பெற்றது, ஒரு கோல் அவருடையது. வீரர்கள் எண் பொறித்த சட்டை அணிந்த முதல் கோப்பை இறுதியாட்டமும் அதுவே. எவர்ட்டனுக்கு 1 முதல் 11, சிட்டிக்கு 12 முதல் 22. டீன் முதுகில் 9.

இங்கிலாந்து அணிக்கு அவர் ஆடியது 16 ஆட்டம், கோல் 18. 1927-இல் முதல் ஐந்து ஆட்டங்களில் மட்டும் 12. பெரும்பாலான ஆட்டங்கள் 1929-க்குள் முடிந்துவிட்டன. கடைசியாக 1932 அக்டோபரில் அயர்லாந்துக்கு எதிராக ஆடியபோது அவருக்கு வயது 25. தேர்வுக் குழுவின் போக்குக்கு நியாயம் சொல்வது கடினம். 1928-இல் ஃபிஃபாவிலிருந்து இங்கிலாந்து விலகியிருந்ததால் 1930, 1934 உலகக் கோப்பைகளும் அவருக்கு இல்லாமற்போயின.

வருமானக் கணக்கு சுருக்கமானது. 1922 முதல் பருவ காலத்தில் வாரத்துக்கு எட்டுப் பவுண்டு, கோடையில் ஆறு என்பது லீக் விதித்த உச்சவரம்பு. அறுபது கோல் அடித்தவருக்கும் அதே எட்டுதான். ஜனவரி 1937-இல் எவர்ட்டன் பதினேழு வயது டாமி லாட்டனைப் பர்ன்லியிடமிருந்து 6,500 பவுண்டுக்கு வாங்கியது. டீன் அந்தப் பையனுக்குத் தலையடி கற்றுக்கொடுத்தார். மார்ச் 1938-இல் நாட்ஸ் கவுன்ட்டிக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஒன்பது ஆட்டம், மூன்று கோல். 1939 தொடக்கத்தில் அயர்லாந்தின் ஸ்லைகோ ரோவர்ஸுக்குப் போய் ஏழு லீக் ஆட்டங்களில் பத்துக் கோல் அடித்து, கோப்பை இறுதி வரை அணியைக் கொண்டு சென்றார். ஷெல்போர்னிடம் மறு ஆட்டத்தில் தோல்வி. போருக்குப் பின் செஸ்டர் நகரில் 'டப்ளின் பாக்கெட்' மதுக்கடையை நடத்தினார். 1980 மார்ச் 1 அன்று குடிசன் பார்க்கில் எவர்ட்டன்–லிவர்பூல் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில் மாரடைப்பால் இறந்தார்.

1927–28-இன் அறுபது கோல்களையும் அன்றைய லிவர்பூல், லங்காஷயர் நாளிதழ்களின் ஆட்டச் செய்திகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, கார்னர், பெனால்டி, ஓரத்திலிருந்து வந்த பந்து, தடுப்பு வரிசையைப் பிளந்து போன பந்து என்று வகைபிரித்தால் இந்த வழக்கு தீரும். கடைசி வகையில் இருபதுக்கு மேல் தேறினால் விதி மாற்ற விளக்கம் பிழைத்துக்கொள்ளும். அதுவரை நூல்களில் அதை முதற்காரணமாக எழுதுவதை நிறுத்திவைப்பதே முறை.