அலைகடலில் ஆடைச் சட்டம்

1912ஆம் ஆண்டு, ஏப்ரல் 14. ஞாயிறு மாலை. அட்லாண்டிக் மாகடலைக் கிழித்துக்கொண்டு விரைகிறது 'டைட்டானிக்'. ஊழியன் ஒருவன் ஊதுகொம்பை முழக்குகிறான். போர்முழக்கமன்று, விருந்துக்கு உடுத்திக்கொள்ளுங்கள் என்னும் அறிவிப்பு! முதல் வகுப்பு அறைகளிலே பரபரப்பு. பெட்டிகள் திறக்கின்றன. பட்டும் முத்தும் பளபளக்கின்றன. கஞ்சியிட்ட வெண்சட்டை, கறுப்புக் கோட்டு, கழுத்திலே முடிச்சு. ஐந்நூறு பேருக்கு மேல் ஒருங்கே அமர்ந்துண்ணும் அந்தக் கூடத்துக்குக் கோமான்களும் சீமாட்டிகளும் நடக்கின்றனர். அல்ல, பவனி வருகின்றனர்!

அதே கப்பலின் அடித்தட்டிலே மூன்றாம் வகுப்பு. அங்கே நண்பகலிலேயே பெருஞ்சாப்பாடு முடிந்துவிட்டது. மாலையிலே தேநீர், ஆறிய இறைச்சி, ரொட்டி, சோற்றோடு வேகவைத்த அத்திப்பழம். இரவிலே கஞ்சியும் பிஸ்கட்டும். கொம்பு அவர்களுக்காக ஊதவில்லை. பிழைப்புத் தேடி அமெரிக்கா செல்லும் ஏழைக்கு ஆடைச் சட்டம் எதற்கு? மேல்தட்டுக்கு அவன் வரவே கூடாதென்று தடுப்புக் கதவுகள் இருக்கும்போது!

இந்தச் சட்டத்தை எழுதியவர் யார்? எந்த மன்றத்திலே வாக்கெடுப்பு நடந்தது? வரலாற்றைப் புரட்டினால் வேடிக்கையான விடை கிடைக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இலண்டன் மாநகரில் பியூ பிரம்மெல் என்றொருவர் இருந்தார். பிரபுக் குடும்பத்திலே பிறந்தவரல்லர். ஆயினும் பிரபுக்கள் எப்படி உடுத்த வேண்டும் என்பதை அவரே வகுத்தார். சரிகையையும் சாயத்தையும் தள்ளி, கருநிறக் கோட்டும் வெள்ளைக் கழுத்துத்துணியும் போதுமென்றார். இளவரசரே அவருடைய கண்ணாடியின் முன் மாணவரானார். அந்த ஆடையரசர் 1816இல் கடன்காரர்களுக்கு அஞ்சிப் பிரான்சுக்கு ஓடினார். 1840இல் அங்கேயே, வறுமையிலும் சித்தக் கலக்கத்திலும் மாண்டார். அவர் தந்த கறுப்பும் வெள்ளையும் மட்டும் மாளவில்லை.

1865இல் வேல்சு இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னர், நீண்ட வாலுடைய கோட்டு தமக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று, இலண்டனில் ஹென்றி பூல் என்னும் தையற்கடையிலே குட்டைக் கோட்டொன்று தைக்கச் செய்தார். உண்ணும்போது உடல் நோகாதிருக்க ஒருவர் தேடிய வசதி அது, அவ்வளவே! 1886இல் அது நியூயார்க்குக்கு அருகேயுள்ள டக்சிடோ பார்க் என்னும் செல்வர் குடியிருப்புக்குள் நுழைந்து 'டக்சிடோ' என்று பெயர் பெற்றது. ஒருவருடைய வசதி எல்லோருக்கும் விதியாயிற்று. விதி பிறக்கும் வழி எப்போதும் இதுதானே!

கப்பலிலே அந்த விதி மேலும் இறுகியது. புறப்படும் முதல் இரவும், கரையேறுவதற்கு முந்திய இரவும் மட்டும் விலக்கு. ஏனெனில் அன்று பெட்டிகள் கட்டுக்குள் இருக்கும். மற்ற இரவுகளிலே மாலையுடை கட்டாயம். 1935இல் வெள்ளோட்டம் கண்ட 'நார்மண்டி' என்னும் பிரெஞ்சுக் கப்பலைப் பாருங்கள். அதன் முதல் வகுப்பு உணவுக்கூடம் 305 அடி நீளம். வெர்சேல்சு அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தைவிட நீளம்! சன்னல்களே இல்லை, எங்கும் கண்ணாடி விளக்குத் தூண்கள். கூடத்துக்குள் இறங்கப் பெரும் படிக்கட்டு. உடுத்தியவரை ஊரார் காண வேண்டுமன்றோ? உடை உடுப்பவருக்காகவா, காண்பவருக்காகவா என்ற வினாவுக்கு அந்தப் படிக்கட்டே விடை.

கிழக்கு நோக்கி வந்த கப்பல்களிலே மற்றொரு விந்தை. செங்கடலின் வெப்பம் வெள்ளையரின் வீறாப்பை உருக்கியது. கோட்டைக் கழற்றினர், சட்டைக்கு மேலே இடைக்கச்சை கட்டினர். 'கம்மர்பண்டு' என்று அவர்கள் பெருமையோடு சொல்லும் அக்கச்சை, இந்தியாவிலே அவர்கள் கண்டு பழகிய 'கமர்பந்து'தான்! நம் நாட்டுக் கச்சைக்கு மேசையிலே இடம் கிடைத்தது. நம் நாட்டு மனிதனுக்கு? அவன் கொதிகலன் அறையிலே கரி அள்ளிக்கொண்டிருந்தான். 'லாஸ்கர்' என்பது அவனுக்கு இட்ட பெயர். வெள்ளை மாலுமியின் கூலியிலே சிறு பங்குதான் அவன் கண்டது.

உடைக்கு அஞ்சி ஒடுங்கியவர்களும் உண்டு. 1888இல் காந்தியார் படிப்பதற்காகக் கப்பலேறினார். கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியாமல், கூச்சத்தால் உணவுக்கூடத்தையே தவிர்த்து, கொண்டுவந்த தின்பண்டங்களை அறையிலே உண்டார். கரையிறங்கும்போது, சிறப்பாக இருக்குமென்று பாதுகாத்து வைத்திருந்த வெள்ளைக் கம்பளியுடையை அணிந்தார். செப்டம்பர் முடியும் நேரம். வேறெவரும் வெள்ளை உடுத்தவில்லை! வெட்கினேன் என்று அவரே எழுதியிருக்கிறார். அதே மனிதர் 1931 நவம்பரில் முழங்கால் தெரியும் துண்டோடு பக்கிங்காம் அரண்மனைக்குள் நடந்தார். மன்னரும் வரவேற்றார். அரண்மனைச் சட்டம் மாறவில்லை, அஞ்சியவர் அஞ்சாதவரானார், அதுவே மாற்றம்.

மீண்டும் 'டைட்டானிக்' இரவுக்கு வருவோம். நள்ளிரவுக்குச் சற்று முன் பனிமலை மோதியது. பென்சமின் குகன்ஹைம் என்னும் செல்வர் உயிர்காப்புக் கச்சையைக் களைந்து, விருந்துடை பூண்டு, தம் செயலாளரோடு சாவை எதிர்கொண்டார். அஞ்சா நெஞ்சம், மறுப்பாரில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். முதல் வகுப்பினரிலே நூற்றுக்கு ஏறத்தாழ 62 பேர் பிழைத்தனர். மூன்றாம் வகுப்பினரிலே 25 பேர்! மாலையிலே உணவுக்கூடத்தின் வாயிலை வகுத்த அதே கோடு, நள்ளிரவிலே உயிர்ப்படகின் வாயிலையும் வகுத்தது.

இன்னொரு செய்தி, நெஞ்சைச் சுடும் செய்தி. கப்பலின் இசைவாணர் எண்மரும் இறுதிவரை இசைத்து இறந்தனர். சில நாட்களிலே, அவர்களுள் ஓர் இளைஞரின் தந்தைக்குக் கடிதம் வந்தது. இரங்கல் கடிதமா? இல்லை! மகன் அணிந்திருந்த சீருடைக்கான பாக்கியைச் செலுத்துக என்று, அவரை வேலைக்கு அமர்த்திய முகவர்கள் விடுத்த கேட்புச் சீட்டு! உடல் கடலோடு, உடைக்கு மட்டும் கணக்கு!

1958இல் ஜெட் வானூர்திகள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கின. பயணக் கப்பல்கள் உல்லாசக் கப்பல்களாயின. 2000இல் ஒரு நிறுவனம், விருப்பம்போல் உடுத்தலாமென்று கதவைத் திறந்தது, பலர் பின்பற்றினர். இன்றும் சில கப்பல்களிலே 'விருந்து இரவு' உண்டு. கறுப்புக் கோட்டு இல்லாதார்க்கு வேறு கூடம். பரிமாறும் கைகளோ பெரும்பாலும் பிலிப்பைன்சு, இந்தோனேசியா, இந்தியா ஆகிய ஏழை வீடுகளின் கைகள். பனாமா, பகாமாசு என்று அயல்நாட்டுக் கொடியேற்றித் தம் நாட்டுத் தொழிற்சட்டத்தை விலக்கும் கப்பல்களும் பல. விருந்தினருக்குக் கோட்டு, கப்பலுக்குக் கொடி. இரண்டும் ஆடைகளே!

அழகாக உடுப்பதை நாம் பழிக்கவில்லை. தூய்மையும் எழிலும் மனிதனுக்குப் பெருமை. விழா நாளிலே புத்தாடை உடுக்கும் மகிழ்ச்சியை எவர் வெறுப்பார்? நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: உடை, உடலைக் காக்கும் துணியாக இருக்கட்டும், ஒருவனை வெளியே நிறுத்தும் கதவாக வேண்டாம். பனிமலை வந்து மோதிய பிறகு அந்தக் கதவைத் திறந்து பயனென்ன?