ஓபன்ஜிஎல்-ஐ ஓரங்கட்டிய ஆப்பிள்: விஞ்ஞானிகளுக்கு என்ன சிக்கல்? கம்ப்யூட்டர் நிறுவனங்களை வழிக்குக் கொண்டுவருவது எப்படி?

கொரோனா வைரஸின் முள் புரதம் எப்படி இருக்கும்? புயலுக்குள் காற்று எப்படிச் சுழலும்? இதையெல்லாம் கம்ப்யூட்டர் திரையில் முப்பரிமாணத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் விஞ்ஞானிகள் ஆய்வு செய்கிறார்கள். அதற்கு உதவும் சாஃப்ட்வேர்களில் பல, 30 ஆண்டுகளுக்கும் மேலாகப் புழக்கத்தில் இருக்கும் ஒரே தொழில்நுட்பத்தை நம்பி நிற்கின்றன. அதன் பெயர் ஓபன்ஜிஎல். அதைத்தான் 2018-ல் ஆப்பிள் நிறுவனம் கைகழுவும் பட்டியலில் சேர்த்தது.

ஓபன்ஜிஎல் அப்படின்னா என்ன?

ஒரு சாஃப்ட்வேர், கிராபிக்ஸ் சிப்பிடம் 'இந்தப் படத்தை இப்படி வரை' என்று சொல்வதற்கான பொதுமொழி என்று வைத்துக்கொள்ளலாம். 1992-ல் சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனம் இதை வெளியிட்டது. 2006 முதல் குரோனோஸ் குரூப் என்ற கூட்டமைப்பு இதைப் பராமரிக்கிறது. கடைசிப் பதிப்பான 4.6 வெளியானது 2017-ல்.

விண்டோஸ், லினக்ஸ், மேக் என எதுவாக இருந்தாலும் ஒருமுறை எழுதினால் போதும் என்பதுதான் இதன் பெரிய பலம். புரதங்களைக் காட்டும் பைமால், விஎம்டி, கைமெராஎக்ஸ், பெரிய தரவுகளைப் படமாக்கும் பாராவியூ, அதன் அடித்தளமான விடிகே எல்லாமே இதன் மேல் கட்டப்பட்டவைதான்.

2018-ல் என்ன நடந்தது?

அந்த ஆண்டு ஜூன் மாதம், மேக்ஓஎஸ் மொஹாவே அறிமுகத்தின்போது ஓபன்ஜிஎல், ஓபன்சிஎல் இரண்டையும் கைவிடப்போவதாக ஆப்பிள் சொன்னது. அதாவது இப்போதைக்கு ஓடும், ஆனால் புதுசா எதுவும் சேர்க்கமாட்டோம், ஒருநாள் எடுத்துவிடலாம் என்று அர்த்தம். இதில் இன்னொரு வேடிக்கை, ஓபன்சிஎல்-ஐ முதலில் உருவாக்கியதே ஆப்பிள்தான்!

பதிலுக்கு ஆப்பிள் காட்டிய வழி, அதன் சொந்தத் தொழில்நுட்பமான மெட்டல். 2014-ல் ஐபோனுக்கும் 2015-ல் மேக்கிற்கும் வந்தது. வேகமானதுதான். ஆனால் ஆப்பிள் கருவிகளில் மட்டும்தான் ஓடும்.

சரி, மாத்தி எழுதிட்டா போச்சு?

அங்கேதான் சிக்கலே. கேம் நிறுவனங்களிடம் பணமும் ஆட்களும் இருப்பார்கள். ஆனால் அறிவியல் சாஃப்ட்வேர்களில் பலவற்றை எழுதுவது பல்கலைக்கழகங்களின் சின்னச் சின்னக் குழுக்கள். ஆராய்ச்சி நிதி முடிந்தால் குழுவும் கலைந்துவிடும். பல ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த நிரலை ஒரு கம்பெனிக்காக மட்டும் மாற்றி எழுதுவது அவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

இப்போதைய மேக்களிலும் ஓபன்ஜிஎல் ஓடுகிறது. ஆனால் ஆப்பிள் தருவது 2010-ல் வெளியான 4.1 பதிப்புதான். கிராபிக்ஸ் சிப்பையே பொதுக் கணக்கீட்டுக்குப் பயன்படுத்தும் 'கம்ப்யூட் ஷேடர்' வசதி 4.3-ல்தான் வந்தது. ஆக, அந்த வசதி மேக்கில் கிடையாது.

சிப்பால் முடியாதா, கம்பெனிக்கு மனசில்லையா?

இதற்கான பதில் 2024 பிப்ரவரியில் கிடைத்தது. ஆப்பிளின் எம்1 சிப்பில் லினக்ஸை ஓட்டும் அசாஹி லினக்ஸ் குழுவினர், அதே சிப்பில் ஓபன்ஜிஎல் 4.6-ஐ முறையான தரச்சோதனையில் தேறும் அளவுக்கு இயக்கிக் காட்டினார்கள். அதுவும் ஆப்பிளின் டிரைவர் ஆவணங்கள் இல்லாமல், சிப் எப்படி வேலை செய்கிறது என்று தாங்களே ஆராய்ந்து கண்டுபிடித்து! அப்படியானால் தடை சிப்பில் இல்லை, முடிவில்தான் இருக்கிறது.

நிறுவனங்கள் மனம் மாறுமா?

மாறியிருக்கின்றன. 2007-ல் ஏஎம்டி தன் கிராபிக்ஸ் சிப் ஆவணங்களைத் திறந்துவிடுவதாக அறிவித்தது. 2012-ல் பின்லாந்தில் நடந்த நிகழ்ச்சியில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், என்விடியாவை மேடையிலேயே வறுத்தெடுத்தார். 2022 மே மாதம் அதே என்விடியா, லினக்ஸ் டிரைவரின் கெர்னல் பகுதியை ஓபன் சோர்ஸாக வெளியிட்டது. கேட்டவுடனே நடக்கவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஆய்வாளர்கள் என்ன செய்யலாம்?

* டெண்டரில் எழுதுவது: பல்கலைக்கழகங்கள் மொத்தமாகக் கம்ப்யூட்டர் வாங்கும்போது 'இந்தப் பதிப்பு ஓபன்ஜிஎல் அல்லது வல்கன் வேண்டும்' என்று நிபந்தனையாகவே சேர்க்கலாம். விற்பனைப் பிரிவுக்குப் புரியும் மொழி அதுதான்.

* தெளிவான புகார்: 'ஓடவில்லை' என்று மட்டும் சொல்லாமல், பிழையை மறுபடி காட்டும் சின்ன நிரலையும் சேர்த்து அனுப்பினால் நிறுவனத்தின் பொறியாளருக்கு வேலை எளிது.

* ஒரே குரல்: தனி ஆய்வகம் கேட்பதைவிட, ஒரு சாஃப்ட்வேரைப் பயன்படுத்துவோர் எல்லோரும் சேர்ந்து கேட்டால் எடை அதிகம்.

* மாற்று வழி: வல்கன் நிரலை மெட்டல் மேல் ஓட்டும் மோல்டன்விகே 2018-லேயே ஓபன் சோர்ஸ் ஆகிவிட்டது. விடிகே குழு வெப்ஜிபியு பக்கமும் வேலை செய்கிறது. இவற்றுக்கு நிதி கிடைத்தால் ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருக்கத் தேவையில்லை.

ஏன் இது முக்கியம்?

அறிவியலில் ஒருவர் கண்டதை இன்னொருவர் சரிபார்க்க முடியவேண்டும். பத்து ஆண்டுக்கு முந்தைய ஆய்வின் படத்தை இன்றைய கம்ப்யூட்டரில் திறக்கவே முடியாவிட்டால், தரவு பத்திரமாக இருந்தும் பயனில்லை. புது கம்ப்யூட்டர் வாங்கும் ஆய்வகம் விலையோடு சேர்த்துக் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: 'நம்ம சாஃப்ட்வேர் இதுல எத்தனை வருஷம் ஓடும்?'